ஒட்டிய கண்கள்

ஒரே பாறை இரண்டு இடங்களில் இருந்தது. முதலை வாயைப் பிளந்தது போல மேல்பக்கம் வெடித்த பாறை. மலைச் சரிவின் வலது பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. இரண்டின் நிழலும் ஒரே அளவு. இரண்டின் காலடியிலும் ஒரே மாதிரி கூழாங்கற்கள். செவ்வாய்க் கிரகத்தில் விசித்திரங்கள் இருக்கலாம். ஆனால் அங்கேயும் பாறைகள் இரட்டைப் பிள்ளை பெறுவதில்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பொழுது போகாமல் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். செவ்வாயில் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டி எடுக்கிற படங்களை, அதை அனுப்பியவர்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் அப்படியே போட்டுவிடுகிறார்கள். களத்திலிருந்து வந்த நெல் மாதிரி, தூற்றாமல் புடைக்காமல். வண்டி தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எடுத்த துண்டுகள் அவை. அவற்றின் ஓரங்களைப் பொருத்தி, வெளிச்சத்தைச் சமப்படுத்தி, கண்ணாடியில் படிந்த தூசிப் புள்ளிகளை நீக்கி, நிறம் சரிபார்த்து ஒரே படமாக்குவது எங்கள் வேலை. சம்பளம் கிடையாது. கேட்பாரும் கிடையாது.

குழுவில் சுறுசுறுப்பானவர்கள் மூன்று பேர்தான். நான், ஏரலில் ஓர் ஆசிரியை, காயல்பட்டினத்துத் தம்பி ஒருவர். தம்பி வளைகுடாவில் கட்டட வரைபடம் போடுகிற வேலையில் இருக்கிறார். இதுவரை நேரில் பார்த்ததில்லை. கை அவ்வளவு சுத்தம். அவர் இணைத்த படத்தில் தையல் எங்கே என்று தேட வேண்டும்.

படத்தை இணைத்த பிறகு அது என்ன என்று சண்டை போடுவோம். இந்த அடுக்கு தண்ணீர் போட்டதா, காற்று போட்டதா? இந்தக் கல் உருண்டு வந்ததா, உடைந்து விழுந்ததா? வண்டி நிற்கும் இடம், ஒரு காலத்தில் ஆறு வந்து விழுந்த ஏரியின் படுகை என்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி. கோடையில் மேலே அணைகளைச் சாத்திவிட்டால் ஆறு ஓடையாகச் சுருங்கும். அப்போது வெளியே தெரிகிற மணலின் மடிப்பையும் கல்லின் வழவழப்பையும் நாங்கள் காலாலேயே படித்திருக்கிறோம்.

அந்த முறை ஆசிரியை ஒரு நீளமான படம் கேட்டிருந்தார். பள்ளிக் கண்காட்சிக்கு. சுவர் முழுக்க ஒட்டுவதற்கு. எல்லாத் துண்டுகளும் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. மலைச் சரிவின் நடுவே இருக்க வேண்டிய துண்டு ஏனோ வரவேயில்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம். தம்பி அதை நிரப்பிவிட்டார். வலது பக்கத்துச் சரிவிலிருந்து ஒரு பகுதியை எடுத்து, கொஞ்சம் சாய்த்து, ஓரத்தை மழுக்கி, ஓட்டை இருந்த சுவடே தெரியாமல்.

குழுவில் எல்லாரும் கைதட்டினார்கள். நான் பார்த்தவுடன் இரண்டு முதலைகளையும் கண்டுகொண்டேன்.

தனியாகச் சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னாலும் எழுதினேன். இது படமல்ல, பொய் என்றேன். தம்பி ஒரு குரல்பதிவு போட்டார். பின்னால் எங்கோ வண்டிகள் போகும் சத்தம்.

"ஓட்டையோட எப்படி சார் பிள்ளையளுக்குக் காட்ட? அவ்ளோ அழகான மலையில கறுப்பா ஒரு சன்னல் மாதிரி நிக்கி. பக்கத்துச் சரிவு எப்படியோ அப்படித்தான சார் அதுவும் இருந்திருக்கும்?"

இருந்திருக்கும் என்பது வேறு, இருந்தது என்பது வேறு என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒட்டு வேலை தெரிந்தவர்களுக்கு ஊரில் எத்தனையோ பிழைப்பு இருக்கிறது, இந்தக் குழு எதற்கு என்றும் எழுதினேன். தம்பி, சரி சார், மன்னிச்சுக்கிடுங்க என்று ஒரு வரி போட்டுவிட்டுக் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்.

சாயங்காலம் ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரு பாறைக்காக இவ்வளவு கோபமா என்று கேட்டார். பிறகு, குரலில் இருந்த வருத்தம் போய் ஆச்சரியம் வந்து, "அதுசரி சார், எப்படிக் கண்டுபிடிச்சிய? நாங்க எத்தன பேரு பாத்தோம், ஒருத்தருக்கும் தெரியலையே" என்றார்.

பழக்கம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. கடன் வாங்கி ஒட்டிய துண்டைக் கண்டுபிடிக்க எனக்குச் சிறுவயதிலேயே தெரியும்.

*

அப்போது எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா தாலுகா கச்சேரியில் எழுத்தர். நான் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது அம்மா காய்ச்சலில் கிடந்து இறந்துபோனாள்.

அம்மாவுக்குப் படம் கிடையாது. கல்யாணத்தில் எடுத்த ஒரே படத்தில் தலையைக் குனிந்திருந்தாள். உச்சி வகிடுதான் தெரியும். ஆகவே அந்தக் காலத்து வழக்கப்படி, உடலைத் தூக்குவதற்கு முன்னால் அவளை நாற்காலியில் உட்கார்த்தி வைத்துப் படம் எடுத்தார்கள். ஜங்ஷனிலிருந்து ஸ்டூடியோக்காரர் முக்காலியும் கறுப்புத் துணியுமாக வந்தார். சாயாமல் இருக்க மார்போடு ஒரு வேட்டியைச் சுற்றி நாற்காலியில் கட்டி, அது தெரியாமல் பட்டுச் சேலையை மேலே போர்த்தினார்கள். எனக்கு அதெல்லாம் அம்மாவுக்குச் செய்யும் மரியாதை என்றுதான் பட்டது.

கண் மூடிய படத்தை வீட்டில் மாட்டக் கூடாது. அது அடுத்த ஆளைக் கூப்பிடும் என்பார்கள். ஸ்டூடியோக்காரர்தான் கண்ணைத் திறந்து தர வேண்டும். அது அவர்கள் தொழிலில் ஒரு பகுதி. சிலர் மையால் வரைவார்கள். சிலர் வேறு மாதிரி செய்வார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அம்மா போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, ஏரலிலிருந்து வந்து எங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் தாய்மாமா என்னையும் சித்தியையும் ஜங்ஷனுக்கு அழைத்துப் போனார். அந்த ஸ்டூடியோவுக்குத்தான். சித்தி தலை சீவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்திருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் போனாள். மாமா எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து வெளி பெஞ்சில் உட்கார வைத்தார். உள்ளேயிருந்து ஸ்டூடியோக்காரரின் குரல் மட்டும் கேட்டது.

"அழாத தாயி. கண்ணு கலங்குச்சுன்னா படத்துல நிக்காது. பைய மூச்சு விடு. இங்கன பாரு."

நேரம் ஆகிக்கொண்டே இருந்தது. கலர் தீர்ந்து, போத்தலுக்குள் இருக்கும் கோலிக்குண்டை உருட்டி விளையாடி, அதுவும் சலித்த பிறகு சித்தி வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. என் தலையைத் தடவ வந்த கையைத் தட்டிவிட்டேன். அம்மா செத்து ஒரு மாதம்தான் ஆகிறது, இவள் சிங்காரித்துக்கொண்டு படம் எடுக்க வந்திருக்கிறாள். என் வயதுக்கு நான் பார்த்ததை நான் அப்படித்தான் படித்தேன். பிழை சொல்ல முடியாத தர்க்கம்.

சில வாரங்களில் அம்மாவின் படம் வந்தது. கண் திறந்த அம்மா. முழங்கை நீளத்துக்குக் கண்ணாடிச் சட்டம். முகத்தில் லேசாக வண்ணம். கூடத்தில் மாட்டினார்கள். நான் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என்னையே பார்த்தாள். உயிரோடு இருந்தபோது அடுப்பையும் கிணற்றையும் பார்க்கவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. படத்தில்தான் அவள் என்னை முழுக்கப் பார்த்தாள்.

வருடாந்திரத் திதி கழிந்ததும் அப்பாவுக்கும் சித்திக்கும் திருச்செந்தூரில் வைத்துத் தாலி கட்டினார்கள். பெரியவர்கள் பேசி முடித்தது. அவர்கள் இருவரிடமும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மேளமில்லை, படம் எடுக்கவில்லை. சித்திக்கு ஏரலிலேயே வேறொரு வரன் பேசி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது.

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படத்துக்கு முன்னால் போய் நிற்பேன். சித்தியைப் பற்றிய புகார்களை மனசுக்குள் சொல்வேன். இன்றைக்குப் புளிக்குழம்பில் உப்பு அதிகம். என் ஊதாச் சட்டையைத் துவைக்கும்போது பொத்தானைப் பிய்த்துவிட்டாள். நீ மடித்துவைத்த இடத்தில் உன் சேலை இல்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். சில நாள் அவள் கண் கலங்கினது போலக்கூட இருக்கும். என் கட்சிக்கு ஆள் இருக்கிறது என்று தெம்பாகத் தூங்கப் போவேன்.

படத்தில் ஒரே ஒரு குறை. இடது கண்ணின் வெள்ளையில், ஓரமாக, எள்ளைவிடச் சின்னதாக ஒரு கரும்புள்ளி. தூசி என்று நினைத்து, முக்காலி போட்டு ஏறிச் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. உள்ளே இருந்தது.

ஒரு ஆடி மாதம். குற்றாலக் காற்று டவுன் வரைக்கும் வந்து தெருப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது என் கண்ணில் மண் விழுந்துவிட்டது. கசக்கிக்கொண்டு அழுதபடி வந்தேன். சித்தி என்னை முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்துப் போய், மோவாயைத் தூக்கி, இமையைப் பிரித்து, குனிந்து ஊதினாள். அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததேயில்லை. அடுக்களைப் புகை வாசம். மண் போய்விட்டது. கண் தெளிந்தது. தெளிந்த கண்ணுக்கு நேர் எதிரே, அவளுடைய இடது கண்ணின் வெள்ளையில், ஓரமாக, அந்தப் புள்ளி.

மண்ணு போயிட்டாலே என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

ஸ்டூடியோ பெஞ்சு, சிவந்த கண், கண்ணு கலங்குச்சுன்னா நிக்காது என்ற குரல் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தின. இப்போது செவ்வாய்த் துண்டுகளை இணைக்கும்போது, ஒரு கல்லை வைத்து இரண்டு துண்டும் சட்டென்று சேரும் நொடி ஒன்று வரும். மற்றவர்களுக்கு அது சந்தோஷமான நொடி. எனக்கு அது அந்த முற்றத்தில் நின்ற நொடி.

இத்தனை நாளும் நான் புகார் சொன்னது யாரிடம்? அவளைப் பற்றி அவளிடமே சொல்லியிருக்கிறேன். அவள் அங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அம்மாவின் அடுப்பை எடுத்தாள், கொத்துச்சாவியை எடுத்தாள், அப்பாவை எடுத்தாள். கடைசியில் அம்மாவின் முகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை. சித்தி ஆற்றுக்குத் துவைக்கப் போயிருந்தாள். அப்பா கச்சேரியில். சித்தி கல்யாணத்துக்குப் பிறகு எங்களோடு வந்து தங்கிய அத்தை, அப்பாவின் தங்கை, கோயிலுக்குப் போயிருந்தாள். நான் படத்தை இறக்கி, பின்னால் அடித்திருந்த சின்ன ஆணிகளைப் பாக்குவெட்டியால் நிமிர்த்தி, அட்டையைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்தேன். கண்ணாடி இல்லாமல் விரலால் தடவினேன். இரண்டு நெற்றிப்பொட்டுக்கும் நடுவே, கண்களின் மேலேயும் கீழேயும், ஒரு ஓரம் விரலில் தட்டியது. ஒரு பட்டையாக வெட்டி ஒட்டி, சேருமிடத்தை மையால் மறைத்திருந்தார் ஸ்டூடியோக்காரர். நல்ல வேலைக்காரர். கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்துக்குத் தெரிந்தது.

நகத்தை விட்டு நெம்பினேன். பசை காய்ந்திருந்தது. மெல்ல மெல்ல உரிந்தது. அவளை அங்கிருந்து எடுத்துவிட்டால் அடியில் அம்மாவின் சொந்தக் கண் இருக்கும் என்று நான் நம்பினேன். சொன்னால் சிரிப்பீர்கள். அம்மாவின் கண்ணை அவள் மறைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டதே தவிர, அங்கே வேறு கண் இல்லாததால்தான் அவள் கண்ணை வைத்தார்கள் என்று படவில்லை.

பட்டை வந்துவிட்டது. அடியில் அம்மாவின் சொந்தக் கண் இருந்தது. மூடியிருந்தது.

நாற்காலியில் கட்டி வைத்திருந்த அம்மா. நான் மறந்தே போயிருந்த முகம். என்ன செய்தேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டையைத் திரும்ப ஒட்டப் பார்த்தேன், பிடிக்கவில்லை. அவசரத்தில் படத்தைச் சட்டத்துக்குள் வைத்து, ஆணிகளை மடக்கி, பழைய இடத்தில் மாட்டினேன். பட்டையைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு குறுக்குத்துறைக்கு ஓடினேன். ஆடி வெள்ளம். மண்டபத்துப் படியில் நின்று தண்ணீரில் விட்டேன். அந்த இரண்டு கண்களும் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே பார்த்தபடி ஏரல் திசையில் போயின.

*

விளக்கு வைக்கப் போன அத்தைதான் முதலில் பார்த்தாள். அவளுக்கு ஒட்டு வேலை தெரியாது. மதினியின் படத்தில் திறந்திருந்த கண் மூடியிருக்கிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி கண்ண மூடிட்டா. இவ இந்த வீட்டுல நடமாடுதத பார்க்க மாட்டாம மூடிட்டா."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் சந்து முழுக்கக் கூடத்தில் நின்றது. ஆளுக்கொரு விளக்கம். ஒருத்தி நேற்றே உதடு கோணியிருந்ததைத் தான் பார்த்ததாகச் சொன்னாள். இன்னொருத்தி கன்னத்தில் கண்ணீர்த் தடம் தெரிகிறது என்றாள். அது நான் எச்சில் தொட்டுத் துடைத்தபோது வழிந்து கண்ணாடியில் காய்ந்த தடம். ஒரு படத்தில் மனிதர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்பதை அன்றைக்கே கற்றுக்கொண்டிருந்தேன்.

சித்தி துவைத்த துணியோடு வாசலில் நின்றாள். அவளுக்கு வழி விட்டார்கள். விலகி நிற்பது போல வழி விட்டார்கள்.

அப்பாவுக்கு உண்மை தெரியும். பசை விட்டிருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கூட்டம் கலைந்ததும் படத்தை இறக்கி, பட்டை சட்டத்துக்குள் உதிர்ந்து கிடக்கிறதா என்று பார்த்தார். இல்லை. ஆணிகள் புதிதாக மடங்கியிருந்ததையும் பார்த்தார். அத்தையிடம் இது ஒட்டிய கண் என்று சொல்லியிருந்தால் பாதி பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால், செத்த மனைவியின் முகத்தில் சித்தியின் கண்ணை வைக்கச் சம்மதித்ததையும் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. சித்தியைக் கூப்பிட்டார்.

"நீயா எடுத்த?"

நான் தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். சித்தி அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். முதலில் முகத்தை, பிறகு கையை. பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமா. என் கண்ணுதான. எடுத்துட்டேன்."

வீட்டுக்குள் அவள் குற்றவாளி, வெளியே அவள் மூத்தவளுக்கு ஆகாதவள். இரண்டில் எது பெரிது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒருமுறை வாய் திறந்திருந்தால் இரண்டையும் தீர்த்திருக்கலாம். நான் திறக்கவில்லை. பயம் என்று சொன்னால் பாதி உண்மை. மீதிப் பாதி, நான் ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணம். அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் மாமா வந்து சித்தியை ஏரலுக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நாளைக்கு என்றார்கள். ஒரு தகரப் பெட்டி. அவள் கிளம்பும்போது நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். வாசல் வரை போனவள் திரும்பி வந்து என் பக்கத்தில் குனிந்தாள்.

"கைய நல்லாக் கழுவிட்டுச் சாப்பிடு. நகத்துல மை இருக்கு."

போகிற நேரத்திலும் ஏவுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கழுவாமலேயே சாப்பிட்டேன்.

*

சித்தி பல மாதம் கழித்து வந்தாள். அப்பா படுக்கையில் விழுந்து, அத்தையால் முடியாமல் போனபோது கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் கூடத்தில் விளக்கேற்ற அவளை விடவில்லை. படத்துக்கு முன்னால் அவள் நிற்கவும் மாட்டாள். உடம்பு தேறியதும், அந்தப் படத்தை மாட்டி வைத்திருக்கவும் முடியாமல், ஆற்றில் விடவும் மனசில்லாமல், வேட்டியில் சுற்றிப் பரண்மேல் போட்டார் அப்பா. புதிதாகச் செய்து வாங்கலாம் என்றால் ஸ்டூடியோக்காரர் அதற்குள் கடையைக் காலி செய்துகொண்டு ஊர் மாறிப் போயிருந்தார்.

சித்திக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் சந்தில் ஒரு விளக்கம் இருந்தது. என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். அப்பா போன பிறகு தன் வளையலை விற்றுத்தான் என்னைக் கல்லூரியில் சேர்த்தாள். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அவள் எந்தப் படத்துக்கும் முகம் கொடுக்கவில்லை. என் கல்யாணப் படங்களில் அவளைத் தேடினால் பந்தல் காலுக்குப் பின்னால் ஒரு சேலைத் தலைப்பு கிடைக்கும். எனக்கு எதுக்குய்யா என்பாள். வாக்காளர் அட்டைக்கு மட்டும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். அதில் கண்ணை இமைத்துவிட்டாள்.

ஒரு தடவை, நான் வேலையில் இருந்த காலத்தில், சொல்லிவிடுவது என்று அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன். சித்தி, அந்தப் படம் என்று ஆரம்பித்தேன். மோர் கலக்கித் தரட்டுமா என்று கேட்டுக்கொண்டே எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் ஆரம்பிக்கவில்லை. அவள் இறந்தபோது மாலை போட ஒரு படம் இல்லை. வெறும் குத்துவிளக்கை வைத்துப் பதினாறு கும்பிட்டோம்.

நகத்தில் மை என்று அவள் சொன்னது ஏவல் அல்ல என்று எனக்கு எப்போது புரிந்தது என்று தெரியவில்லை. அப்பா கண்ணில் பட்டுவிடப் போகிறது, கழுவிவிடு என்று சொல்லி, தன்னை விரட்டியவனையே காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். ஒருநாள் வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் சார் சார் என்று கூப்பிட்டது நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் புரிந்திருக்கலாம்.

*

ஆசிரியை பேசிய மறுநாள், வீடு மாறியபோது கூடவே வந்து பரணில் கிடந்த அந்தச் சட்டத்தை இறக்கினேன். வேட்டி மக்கியிருந்தது. படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே ஸ்கேன் இயந்திரத்தில் வைத்து, இருப்பதிலேயே மிக நுணுக்கமான அளவில் எடுத்தேன். காயல் தம்பிக்குத் தனியாக அனுப்பினேன். கூடவே நடந்ததை எழுதினேன், இங்கே எழுதியதைவிடச் சுருக்கமாக. உங்களைத் திட்டியபோது நான் பார்த்தது உங்கள் மலையை அல்ல என்று எழுதினேன். மன்னிக்கச் சொன்னேன். செல்லரித்த இடங்களை மட்டும் சரி செய்து தர முடியுமா என்று கேட்டேன். கண்ணைத் தொட வேண்டாம், மூடியபடியே இருக்கட்டும்.

ஒரு வாரம் பதில் இல்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே அவருக்கு விடுமுறை நாள், ஒரு குரல்பதிவு வந்தது.

"சார், படத்த முடிச்சிட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இடது கண்ணு ஓரத்துல ஒரு புள்ளி இருக்கு. தூசின்னு துடைக்கப் போனேன். பெருசாக்கிப் பாத்தா தூசி இல்ல சார். நீங்க உரிச்சப்போ ஒரு துணுக்கு கிழிஞ்சு அங்கனயே ஒட்டிக்கிட்டு நிக்கி. கண்ணோட வெள்ளையில ஒரு கீத்து. அதுல அந்தப் புள்ளி. என்ன செய்யட்டும் சார், எடுத்துரவா?"

கூடவே அந்த இடத்தைப் பெரிதாக்கி அனுப்பியிருந்தார். மூடிய இமையின் ஓரத்தில், நகக் கீற்று அளவுக்கு, வெள்ளையாக. அதன் நடுவில் எள்ளைவிடச் சின்னதாக அவள். இத்தனை வருடமும் வேட்டிக்குள் இருந்திருக்கிறாள்.

எடுக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்று எழுதினேன். அன்று மாலை தம்பி குழுவில் திரும்பச் சேர்ந்தார். மலைப்படத்தை மறுபடி அனுப்பியிருந்தார். நடுவில் கறுப்புச் சதுரம். ஆசிரியை அதை அப்படியே சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார்.

படத்தைப் புதுச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். கண் மூடிய படத்தை மாட்டக் கூடாது என்று வீட்டில் சொல்கிறார்கள். மாலைகளில் அதன் முன்னால் நிற்கிறேன். புகார் ஒன்றும் இல்லை. அந்தப் பையன் நம்பியது சரிதான், படத்திலிருந்து ஒருத்தி அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் மனசுக்குள் சொன்ன குறைகளைச் சித்தி கேட்டிருக்க முடியாது. ஆனாலும் மறுநாள் குழம்பில் உப்புச் சரியாக இருந்தது, பொத்தான் தைத்திருந்தது, அம்மாவின் சேலை பழைய இடத்துக்கே வந்திருந்தது. அம்மாவிடம் முறையிட்டதற்குக் கிடைத்த பலன் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.